ஏலம் கேட்க ஆளில்லாத பசுக்கள்

இந்தப் பேரவைக்குத் தலைமை தாங்கும் பெருமதிப்பிற்குரிய தந்தை கொமர்போர்ட் அவர்களே! கலப்பை பிடித்த கையோடும் காலில் ஒட்டிய களிமண்ணோடும் இங்கே கூடியிருக்கும் கில்கென்னிச் சீமையின் உழவர் பெருங்குடி மக்களே! நரை கண்ட பெரியோர்களே! உருளைக்கிழங்குப் பானையை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே! இரண்டு வண்டிகளின் மேல் பலகை போட்டு எனக்கு மேடை கட்டித் தந்துவிட்டு, அது தாங்குமா தாங்காதா என்று இப்போதும் கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கும் கொல்லர் டெர்மட் கோடி அவர்களே! இறுதியாக, அதோ அந்த முள்வேலிக்குப் பின்னால் குந்தியிருந்து நான் பேசுவதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும் காவலர் அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த லூக் ஷார்ட்டலின் பணிவான வணக்கம்.

காவலர் அவர்களே, முதலில் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். இது கூட்டம் அல்ல. கூட்டம் போட்டால் குற்றம் என்கிறது உங்கள் அரசு. நாங்களோ சட்டத்துக்கு அடங்கிய சாதுக்கள். பந்தாட வந்திருக்கிறோம். இதோ, என் கையில் மட்டை! பந்து எங்கே என்கிறீர்களா? வந்துகொண்டிருக்கிறது. இங்கே இருக்கும் மூவாயிரம் பேரும் ஒரே அணி. எதிரணி லண்டனிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. அதுவரை பொழுது போக வேண்டுமே என்று நான் நாலு வார்த்தை பேசுகிறேன், அவ்வளவுதான். எழுதிக்கொண்டீர்களா? நல்லது. பேனா முனை உடைந்தால் கேளுங்கள், டெர்மட் தீட்டித் தருவார்.

பெருமக்களே! நான் பேச வந்தது கடந்துபோன ஓர் ஆண்டைப் பற்றி. ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தொன்று! அது என்ன ஆண்டு? கடலைக் கட்டி ஆள்கிறோம், கண்டங்களை வெட்டி ஆள்கிறோம் என்று மார்தட்டும் ஒரு பேரரசு, நம் பாலிடோரன் சந்தைத் திடலில் மாட்டுச் சாணத்தில் வழுக்கி விழுந்த ஆண்டு! நெப்போலியனை வீழ்த்திய படை, ஒரு நாட்டுப் பசுவின் காம்பை எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்த ஆண்டு!

எதற்காக வந்தது அந்தப் படை? எல்லையைக் காக்கவா? இல்லை. எதிரியை விரட்டவா? இல்லை. நம் பங்கில் ஆங்கிலத் திருச்சபைக்கு ஒரு பாதிரியார் இருக்கிறார், பெம்பர்ட்டன் என்று பெயர். அவருக்குத் தசமபாகம் தண்டித் தர வந்தது! நம் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு அவருக்காம். அவர் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் கூடுகிறார்கள்? அவர், அவருடைய மனைவி, மணி அடிக்கும் ஆள், ஆக மூன்று பேர்! என்ன? யாரது அங்கே? நாயும் வரும் என்கிறார் ஒருவர். மன்னிக்க வேண்டும், நாயை விட்டுவிட்டேன். அந்தச் சபையில் பிரசங்கத்தின்போது உறங்காத ஒரே உறுப்பினர் அதுதான் என்று கேள்வி.

கத்தோலிக்கர்களான நாம் அந்தக் கோயில் வாசலை மிதித்ததுண்டா? மிதிக்காத வாசலுக்கு வரி! கேளாத பிரசங்கத்துக்குக் கூலி! நம் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர் தந்தை கொமர்போர்ட். நம் பிணத்துக்குச் செபம் சொல்பவர் தந்தை கொமர்போர்ட். அவர் மழையில் நனைந்துகொண்டு நடந்து போகிறார். நம் உருளைக்கிழங்கில் பங்கு கேட்பவரோ நாலு குதிரை பூட்டிய வண்டியில் போகிறார்! உழுகிறவன் ஒருவன், உண்கிறவன் ஒருவன் என்பது உலகத்தில் எங்கும் உள்ள கொடுமைதான். ஆனால் உண்கிறவன் ஏப்பம் விடுவதற்கும் நம்மிடம் காசு கேட்பதை இங்கேதான் பார்த்தேன்.

சென்ற ஆண்டு, கட்டமாட்டோம் என்றோம். கல் எடுத்தோமா? இல்லை. கத்தி எடுத்தோமா? இல்லை. சாவி எடுத்தோம்! அவர்கள் எழுதிய சட்டத்தை அவர்களைவிட நாம் நன்றாகப் படித்தோம். பூட்டிய கதவை உடைத்து மாட்டைப் பிடிக்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். பொழுது சாய்ந்து மறுநாள் விடியும்வரை பிடிக்கக் கூடாது என்கிறது. ஆகவே பகலெல்லாம் மாடுகளைக் கொட்டிலில் போட்டுப் பூட்டினோம், பொழுது சாய்ந்ததும் மேயவிட்டோம். பூட்டுக்கெல்லாம் டெர்மட் பொறுப்பு. அந்த ஒரு வசந்த காலத்தில் அவர் அடித்த பூட்டுகள் டப்ளின் சிறைக்கே போதும். மற்ற நாடுகளில் மாடு பகலில் மேயும், இரவில் உறங்கும். நம் ஊர் மாடுகளோ சட்டம் படித்துவிட்டன! சூரியன் இறங்கும்வரை கொட்டிலை விட்டு வெளியே வர மறுத்த மாடுகளை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தண்டல்காரன் நத்தானியல் கிரப் பன்னிரண்டு காவலரோடு ஊர் ஊராக அலைந்தான். அவன் தலை தெரிந்ததும் குன்றின்மேல் கொம்பு ஊதும். கோயில் மணி அடிக்கும். கதவெல்லாம் படபடவென்று சாத்தும். ஒரு மாதம் முழுக்க அலைந்து அவன் பிடித்தது என்ன? சளி!

ஆனாலும், பெருமக்களே, அடி சறுக்காத ஆனை உண்டா? மே மாதம் ஒரு நாள் சறுக்கியது. அதோ, முன் வரிசையில் கறுப்பு முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, ஹொனோரா டைனன்...

"என்னைப் பத்திப் பேசாத லூக்! வேற கதை இல்லையா உனக்கு?"

கேட்டீர்களா? பேசாதே என்கிறார். பேசத்தான் போகிறேன், ஹொனோரா. இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்.

கணவனை இழந்தவர். நான்கு பிள்ளைகள். முக்கால் ஏக்கர் உருளைக்கிழங்கு, ஒரே ஒரு பசு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள செவலைப் பசு. அன்று அது வாளியில் தண்ணீர் குடிக்க மறுத்தது. கிணற்றடிக்கு ஓட்டிப் போனார். கொட்டிலுக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி? நாற்பது! அந்த நாற்பது அடிக்காகப் புதருக்குள் காலையிலிருந்து காத்துக் கிடந்தான் கிரப். ஒரு கைம்பெண்ணின் பசுவைப் பிடிக்கப் பன்னிரண்டு துப்பாக்கி! வீரம்! என்னே வீரம்! இதற்கு ஒரு பதக்கம் அடித்து மாட்டலாம், கிரப்புக்கு அல்ல, புதருக்கு.

வரும் புதன்கிழமை ஏலம் என்றார்கள். ஊர் கூடி முடிவு எடுத்தோம்: ஏலத்தில் யாரும் கேட்கக் கூடாது. வாங்க ஆள் இல்லாத மாடு வெறும் மாடு, அதனால் பாதிரியாருக்குக் காலணா வராது. எளிய முடிவு. தந்தை முன்னிலையில் எல்லோரும் தலையாட்டினோம்.

புதனும் வந்தது. திடலில் ஆயிரம் பேர் நின்றோம். ஏலக்காரன் ஆறு பவுன் என்றான். மௌனம். ஐந்து என்றான். மௌனம். நான்கு என்றான். காகம் கத்தியது, அதையும் யாரோ முறைத்தார்கள். அந்தப் பசு கூட்டத்தில் தன் எசமானியைத் தேடித் தேடிப் பார்த்தது. ஹொனோரா கல் மாதிரி நின்றார். கிரப்பின் முகம் வெளுத்தது. இன்னும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி பொறுத்திருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும்.

அப்போது ஒரு கை உயர்ந்தது. "மூணு பவுனு!" என்று ஒரு குரல் கேட்டது.

யார் அந்த மடையன்? யார் அந்த அறிவுக் கொழுந்து? ஆயிரம் பேர் கட்டிய அணையை ஒரு விரலால் குத்தி உடைத்த அந்த உத்தமன் யார்? திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள். இதோ மேடையில் நிற்கிறேன்.

ஆம், நான்தான்! அன்று காலை வெண்ணெய் விற்ற காசு என் பையில் இருந்தது. நாலு பிள்ளைகளும் பாலுக்கு ஏங்குமே என்று நெஞ்சு இளகியது. வாங்கி அவரிடமே கொடுத்துவிடுவோம், புண்ணியமாகப் போகும் என்று எண்ணினேன். கிரப்பைத் திட்டினேன், பாதிரியாரைப் பழித்தேன், பேரரசைக் கிண்டல் செய்தேன். ஆனால் அந்த மூன்று பேரும் சேர்ந்து செய்ய முடியாததை நான் ஒருவனே செய்து முடித்தேன். கயிற்றைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"ஹொனோரா, இந்தா கயிறு. உன் மாடு. வீட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போ."

"இது என் மாடு இல்ல."

"வெளையாடாத. பிள்ளைங்க பாலுக்குக் காத்துக்கிட்டு இருக்கும்."

"பிள்ளைங்க தண்ணி குடிக்கும். யாரக் கேட்டுக் கையத் தூக்கின?"

"பாவமா இருந்துச்சு. நீ தன்னந்தனியா நிக்கிற..."

"நான் தனியாவா நின்னேன்? ஆயிரம் பேரு வாய மூடிக்கிட்டு என் பக்கத்துல நின்னாங்கடா. நீ ஒருத்தன்தான் அந்தப் பக்கம் போன! யாரும் கேக்கலேன்னா அந்த மாட்ட வச்சுக்கிட்டு அவனுங்க என்ன பண்ணுவானுங்க? பாதிரி குந்திக் கறப்பாரா? அவன் கையில ஒண்ணுமே இல்லாம போயிருக்கும். மூணு பவுனு குடுத்து அவனுக்குக் கடை தொறந்து வச்சிட்டியே! போ, உன் மாட்ட ஓட்டிக்கிட்டுப் போ!"

ஓட்டிக்கொண்டு போனேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான சாலையில் நான் நடந்ததில்லை. வெட்கத்தில் என் காது இரண்டும் கொதித்தன. மறுநாள் முதல் என் மனைவி அந்தப் பாலை ஒரு செம்பில் ஊற்றி ஹொனோரா வீட்டுப் படலில் மாட்டிவிட்டு வருவாள். மாலையில் அதே செம்பு, மூடியைத் திறக்காமல், எங்கள் படலில் தொங்கும். ஒரு நாள் அல்ல, இரு நாள் அல்ல, ஓராண்டு! நாலு பிள்ளைகளும் உப்பைத் தொட்டுக்கொண்டு உருளைக்கிழங்கைத் தின்றன. அந்தச் செம்பு பேசிய பேச்சை எந்த மேடையிலும் எவனாலும் பேச முடியாது.

அவர் சொன்னபடியே நடந்தது. கடை திறந்ததல்லவா? மறுவாரமே கிரப் ஏழு மாடு பிடித்தான்! மேய்ச்சல் முடிந்து மாடுகள் திரும்பும் வழியில், கையில் கடிகாரத்தோடு நின்று, சூரியன் எட்டிப் பார்த்த அந்த நொடியில் வளைத்துவிட்டான். அன்று பகலிலேயே ஏலம் என்றான். இந்த முறை காவலர் மட்டும் அல்ல. சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் அறுபது பேர், குதிரைமேல் ஒரு படைத்தலைவர், வெளியூரிலிருந்து புது ஏலக்காரன்! வருவான் ஒரு லூக் ஷார்ட்டல், எடுப்பான் மூன்று பவுன் என்று நம்பி வந்தார்கள்.

வந்தானா? ஏழு பவுனில் தொடங்கிய ஏலம் ஏழு பென்சுக்கு இறங்கியது. கேட்க ஆள் இல்லை! ஏலக்காரன் தொண்டை கட்டிக் கெஞ்சினான்: "சும்மாவாவது கேளுங்களேன்யா, எனக்கும் குடும்பம் இருக்கு!" அந்தக் கூட்டத்தில் அவனுக்குப் பதில் சொன்னது ஒரே ஒரு குரல். "ம்மா" என்று ஒரு மாடு!

நண்பகல் கடந்தது. மூன்று மணி, ஐந்து மணி, எட்டு மணி. தாய்மார்களே, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காலையில் கறக்காத மாடு மாலையில் என்ன பாடு படும்? மடி கல்லாக இறுகிவிட்டது. ஏழு மாடும் சேர்ந்து கதறத் தொடங்கின. அரசாங்கம் எல்லாவற்றுக்கும் ஆணை பிறப்பித்திருந்தது. துப்பாக்கி எத்தனை, தோட்டா எத்தனை, கொடி எந்த உயரம், எல்லாவற்றுக்கும் தாள் இருந்தது. பால் கறப்பது யார் என்பதற்கு மட்டும் தாள் இல்லை! மாட்டைப் பிடித்தவர்கள் மடியை மறந்துவிட்டார்கள்.

படைத்தலைவர் குதிரையை விட்டு இறங்கி வந்தார். "இங்க பால் கறக்கத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையாம்மா?" என்று நம் பெண்களைக் கேட்டார். முந்நூறு பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருத்தி சொன்னாள்: "பாலா? அப்பிடின்னா என்னங்கய்யா? நாங்க கேள்விப்பட்டதே இல்லீங்களே!" ஆமாம், நீதான் அம்மா! சிரிக்காதே, அந்தக் காவலர் எழுதுகிறார்!

பிறகு அவருடைய சார்ஜென்ட் ஒருவர், மீசையும் மெடலுமாக, மாட்டுக்கு அடியில் குந்தினார். கோயில் மணிக் கயிற்றை இழுப்பதுபோல் ஓர் இழுப்பு இழுத்தார். மாடு விட்டது ஓர் உதை! மீசை ஒரு பக்கம், மெடல் ஒரு பக்கம், மனிதர் சாணத்துக்குள்! இதுதான் பேரரசின் பெருமை. இதைக் கண்டு நடுங்கவா நம் பாட்டன்மார் நமக்கு முதுகெலும்பைத் தந்தார்கள்?

சிரித்தோம். ஆனால் எல்லோரும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் கிழவர் மேத்யூ பிரொஃபி நின்றார். ஏழில் ஒன்று அவருடையது. "என் புள்ள வலியில கத்துது லூக். என்னால தாங்க முடியல. ஒரு பவுனு இருக்கு, கேட்டுடவா?" என்று அழுதார். நான் என்ன செய்தேன்? அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஒரு வாரத்துக்கு முன்னால் என் கையை இப்படிப் பிடிக்க ஒருவர் இருந்திருந்தால் என்று எண்ணி நானும் அழுதேன். சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அப்போது ஹொனோரா டைனன் முன்னால் நடந்தார். பாலுக்கு வழியில்லாத வீட்டுக்காரி, அறுபது துப்பாக்கிக்கு நடுவே போய் நின்று அந்தப் படைத்தலைவரிடம் சொன்னார்: "கயித்த அவுத்து விடுங்கய்யா. எங்க போய்க் கறக்கணும்னு அதுகளுக்கே தெரியும்."

படைத்தலைவர் ஏலக்காரனைப் பார்த்தார். அவனுக்குத் தொண்டை போய்விட்டது. சார்ஜென்டைப் பார்த்தார், பார்க்கச் சகிக்கவில்லை. "மாடுங்க கொஞ்சம் காலாற நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார். கயிறு அவிழ்ந்தது. ஏழு மாடும் ஒன்றன்பின் ஒன்றாக, சந்தைத் தெருவைக் கடந்து, தத்தம் வீட்டை நோக்கி நடந்தன! பின்னால் தொப்பியைப் பறிகொடுத்து ஓடினான் கிரப். "புடிங்க! புடிங்க!" என்று அலறினான். டெர்மட் வாசலில் நின்று மேற்கே கையைக் காட்டினார்: "கிரப்பு, கடியாரத்தப் பாரு. பொழுது சாஞ்சிருச்சு. சட்டம் தெரியாத ஆளா இருக்கியேப்பா!" ஏழு கொட்டிலிலும் ஏழு பூட்டு விழுந்தது. நம் ஊரில் அதன்பின் அந்த ஆண்டு முடியும்வரை ஒரு மாடுகூட விலை போகவில்லை.

எல்லா ஊரிலும் இப்படிச் சிரித்துக்கொண்டே முடியவில்லை. பக்கத்துச் சீமையான வெக்ஸ்போர்டில் இதே போன்றதோர் ஏலத்தில் துப்பாக்கிகள் வெடித்தன. நம்மைப் போன்றவர்கள் தெருவில் செத்துக் கிடந்தார்கள். அவர்களை நினைக்கும்போது எனக்குக் கிண்டல் வரவில்லை. அவர்களுக்காகவும்தான் சொல்கிறேன்: கூட்டமாக நின்று மௌனமாக இருப்பது கோழையின் வேலை அல்ல.

இப்போது இந்த ஆண்டுக்கு வருகிறேன். பாதிரியாரால் முடியவில்லை, அதனால் அரசே தண்டல்காரன் ஆகிவிட்டது. போன வியாழக்கிழமை கிரப் என் வீட்டுக்கு வந்தான். ஒரு பசுவைப் பிடித்துப் போனான், நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள செவலைப் பசு. ஆம், அதே பசு! "டெர்மட் பூட்டு என்னாச்சு?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்கிறார்கள். டெர்மட் முகத்தைப் பாருங்கள், பாவம், அவருக்கும் அதே கவலை. பூட்டில் பழுது இல்லை ஐயா. பட்டப்பகலில் கதவைத் திறந்து வைத்தவன் நான்! வேண்டுமென்றேதான் திறந்து வைத்தேன்!

ஏன்? மூன்று பவுன் பாதிரியாருக்குப் போய் ஓராண்டாகியும் அது என் நெஞ்சை விட்டுப் போகவில்லை. என் கையால் விலைபோன பசு, உங்கள் எல்லோருடைய மௌனத்தாலும் விலைபோகாமல் திரும்ப வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்கு, அதே திடலில், அதே ஏலம்! கேட்க ஆள் இல்லை என்று துறைமுகத்துக்கு ஓட்டிப் போய், வெளியே விற்கக் கப்பல் ஏற்றினாலும் ஏற்றுவார்கள். போனால் போகட்டும். ஆனால் எவனாவது, என்னைப் போல் எவனாவது, என்மேல் இரக்கப்பட்டுக் கை தூக்கினால், அவனை நான் மன்னிக்க மாட்டேன்! லூக் பாவம் என்றா நினைக்கிறீர்கள்? நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய் அழுங்கள். திடலில் மட்டும் அழாதீர்கள்!

வழக்கமாகக் கூட்டத்தில் ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துவார்கள். நமக்கு அந்த வழக்கம் வேண்டாம். அதனால் பட்ட பாடு போதும். என்னோடு நிற்பவர்கள் இரண்டு கையையும் பைக்குள் விடுங்கள்! ஆகா! மூவாயிரம் பேர்! தந்தையுமா? அங்கிக்குள்ளா? காவலர் அவர்களே, உங்கள் பேனா எங்கே? உங்கள் கையும் காணவில்லையே! பயப்படாதீர்கள், நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம்.

ஹொனோரா, உன்னிடம் ஒரே ஒரு வார்த்தை. நாளைக்கு அந்தப் பசு விலைபோகாமல் நடந்து வந்தால், அதன்மேல் பட்ட என் மூன்று பவுன் கறை போய்விடும். அதன் கயிற்றை நான் பிடிக்க மாட்டேன். எந்த வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்று அதற்கே தெரியும். உன் வீட்டுப் படல்...

"தொறந்துதான் கெடக்கும். பேசினது போதும், எறங்குடா!"

இறங்குகிறேன். பெருமக்களே, தாய்மார்களே, பொறுமையாகக் கேட்டதற்கு என் நெஞ்சார்ந்த நன்றி. நாளை பத்து மணிக்குத் திடலில் சந்திப்போம், வாயை மூடிக்கொண்டு. வணக்கம்!